அக்கா ஆசைப்பட்ட சொல்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேரையாவது எங்கள் அக்கா ‘லவ்’ என்று கூப்பிட்டிருப்பார். காய்கறி வண்டிக்காரர், கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மா, ரேஷன் கடையில் கைரேகை வைக்கச் சொல்லும் தம்பி, ஊசி போட வந்த நர்ஸ் என்று அவர் யாரையும் விட்டுவைத்ததில்லை. முதல் முறை கேட்டபோது சிலர் திடுக்கிட்டிருப்பீர்கள். பழகிய பிறகு, ஒரு நாள் அவர் சொல்ல மறந்துவிட்டால் உங்களுக்கே என்னவோ போல இருந்திருக்கும். அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிற இந்த நாளில், அந்தச் சொல் அவருக்கு எங்கிருந்து வந்தது, அதை வைத்துக்கொண்டு அவர் என்ன கனவு கண்டார், அந்தக் கனவு கடைசியில் என்ன ஆயிற்று என்பதை உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

நினைவு மலரில் பொறுமையின் சிகரம், தியாகத்தின் திருவுருவம் என்றெல்லாம் எழுதுவார்கள். அச்சகத்தில்கூட அப்படி ஒரு வாசகம் தயாராக வைத்திருந்தார்கள். வேண்டாம் என்றேன். எங்கள் அக்கா பொறுமைசாலி அல்லர். சாம்பாரில் உப்பு குறைந்தால் முகத்துக்கு நேராகச் சொல்வார். என் மீசையை வெட்டச் சொல்லி ஓயாமல் சண்டை போட்டார். ஆனால் அவரோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பேசிவிட்டு எழுந்தால் நாள் முழுக்க மனசு லேசாக இருக்கும். அதை எந்த வாசகத்தில் அடக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா பிறந்தது மாகறலில். அங்கே எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அப்பா போன பிறகு அம்மா எங்களை அழைத்துக்கொண்டு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்கு வந்துவிட்டார். அக்கா பள்ளி இறுதி வகுப்பை முடித்த கையோடு காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் விற்பனைக்குச் சேர்ந்தார். நான் படித்ததும், பேருந்து ஓட்டக் கற்றுக்கொண்டு அரசு வேலைக்குப் போனதும், எனக்குக் கல்யாணம் நடந்ததும் அந்தக் கடையில் அக்கா புடவை விரித்த கைகளால்தான். அவருக்கு மட்டும் வரன் அமையவில்லை. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதில் சொல்லாமல் இழுத்தடிப்பதும், அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே நிற்பதுமாகச் சில வருடங்கள் போயின. பிறகு ஒரு நாள், “போதும்மா, இனிமே யாருக்கும் காபி குடுக்கறதா இல்ல” என்று அக்காவே அந்த அத்தியாயத்தை முடித்துவிட்டார்.

கடைக்கு வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். அவர்களைக் கவனிக்க ஆள் வேண்டும் என்பதால் அக்கா கேட்டுக் கேட்டே இங்கிலீஷ் பிடித்துக்கொண்டார். என் மகள் நித்யா பிறந்த வருடம், ஐப்பசி அடைமழையில், வயதான ஓர் ஆங்கிலேயத் தம்பதி மழைக்கு ஒதுங்கக் கடைக்குள் நுழைந்தார்கள். உள்ளே வரும்போதே அந்த அம்மா தரையை ஈரமாக்கிவிட்டதற்காக “சாரி, சாரி” என்று சொல்லிக்கொண்டே வந்தார். எங்கள் ஊர்ப் பட்டுக் கடையில் வெள்ளைக்காரர் வாயிலிருந்து அந்தச் சத்தம் வந்தால் அதற்கு ஒரே பொருள்தான். அக்கா பாயைத் தட்டி உட்காரவைத்துப் புடவைகளைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். அவர்கள் மறுபடியும் “சாரி” என்றார்கள். அக்கா இன்னொரு கட்டைப் பிரித்தார். கடை முழுக்க அரக்கும் மயில்கழுத்து நிறமுமாகப் பரந்து கிடந்த பிறகுதான் அவர்கள் புடவை கேட்கவில்லை, மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று விளங்கியது. சிரித்துச் சிரித்து அந்த அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம். மழை விட்டதும் அந்தப் பெரியவர் கிளம்பும்போது அக்காவைப் பார்த்து, “தேங்க் யூ, லவ்” என்றார்.

கடையில் புடவை மடிக்கும் கிருஷ்ணனை உங்களில் பலருக்குத் தெரியும். அவன் அன்று சாயங்காலமே சைக்கிளில் வந்து எங்கள் அம்மாவிடம், வெள்ளைக்காரன் ஒருத்தன் அக்காவிடம் ‘லவ்’ சொல்லிவிட்டுப் போனான் என்று பற்றவைத்துவிட்டான். அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலையில் கூரத்திலிருந்து மாமா வந்து இறங்கினார். மாமா கட்சிக்காரர். வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, என்னையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு, அந்தத் தம்பதி தங்கியிருந்த லாட்ஜுக்கே போய்விட்டார். அக்கா வழியெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது.

கதவைத் திறந்தது அந்த அம்மாதான். டோரீன் என்பது அவர் பெயர். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, உங்கள் வீட்டுக்காரர் எங்கள் பெண்ணிடம் என்ன அர்த்தத்தில் அப்படிச் சொன்னார் என்று கேட்கச் சொல்லி அக்காவுக்கு உத்தரவு போட்டார். அக்காவும் அப்படியே மொழிபெயர்த்தார். டோரீன் அம்மா கதவை அகலத் திறந்தார். பிறகு மாமாவின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்து, “சிட் டவுன், லவ். கப் ஆஃப் டீ?” என்றார். மாமாவின் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவ்வளவு பெரிய மீசையை வைத்துக்கொண்டு அப்படிக் கூச்சப்பட்ட மனிதரை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

டீ குடித்துக்கொண்டே டோரீன் அம்மா விளக்கினார். இங்கிலாந்தின் வடக்கே அவர்கள் ஊர்ப்பக்கம் எல்லாரும் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். கடைக்காரர் வாங்க வந்தவரை, தபால்காரர் வீட்டுக்காரரை, பேருந்து ஓட்டுநர் ஏறுகிறவர்களை. முன்பின் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. இறங்குகிறவர்களும் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள். மாமா தலையாட்டிக்கொண்டு கேட்டார். வெளியே வந்ததும், “அந்தம்மா என்னையும்தான் லவ்வுன்னுது. வீட்ல சொல்லிக்கினு இருக்காதீங்க” என்று எங்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். மாமாவும் இன்று இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அன்று அக்காவோடு நடந்து வீடு திரும்பினேன். விளக்கொளிக் கோயில் தெருவில் நடந்துகொண்டிருந்தவர் திடீரென்று என்னைக் கேட்டார். “பஸ் டிரைவர் கூடவாடா அப்பிடிக் கூப்புடுவாரு? ஏறவங்க யாருன்னே தெரியாம இருக்கும்போது?” அப்போது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. எங்கள் வண்டியில் ஏறுகிறவர்கள் என்னை என்னென்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று அவரிடம் சொன்னேன். அவர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை.

டோரீன் அம்மா ஊருக்குப் போய் ஒரு பார்சல் அனுப்பினார். டீத்தூளும் பிஸ்கெட் டப்பாவும், கூடவே பச்சைக் கம்பளியில் பின்னிய ஒரு குல்லாவும் இருந்தன. குல்லாவின் இரண்டு பக்கமும் ஓட்டை. மார்கழிப் பனிக்கு அருமையானது என்று அம்மா அதைக் குழந்தை நித்யாவின் தலையில் மாட்டினார். ஓட்டைகளின் வழியாக இரண்டு காதுகளும் வெளியே வந்து நின்றன. வெள்ளைக்காரர்கள் எவ்வளவு யோசித்துச் செய்கிறார்கள் பார் என்று அம்மாவுக்கு ஒரே வியப்பு. அக்கா அதைப் படம் எடுத்து அனுப்பினார். டோரீன் அம்மா பதில் எழுதினார்: அது டீ ஜாடிக்குப் போடும் சட்டை, ஓட்டைகள் மூக்குக்கும் கைப்பிடிக்கும், ஆனால் குழந்தைக்குத்தான் ரொம்பப் பொருத்தமாக இருக்கிறது, கழற்ற வேண்டாம். டீ ஆறிவிடக் கூடாதே என்று பாத்திரத்துக்குச் சட்டை பின்னிப் போடுகிற மனிதர்கள் ஓர் ஊரில் இருக்கிறார்கள் என்பதே அக்காவுக்குப் போதுமானதாக இருந்தது. பல நாட்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அதற்குப் பிறகு அக்காவுக்கு இங்கிலாந்து பிடித்துக்கொண்டது. ராஜாவும் ராணியும் மணிக்கூண்டும் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. சாதாரண ஆட்கள் சாதாரண நாளில் என்ன செய்கிறார்கள் என்பதுதான் வேண்டும். கடைக்கு வருகிற வெள்ளைக்காரர்களிடம் புடவையைக் காட்டிக்கொண்டே, உங்கள் வீட்டில் துணியை எங்கே காயப்போடுவீர்கள், மழை வந்தால் என்ன பேசிக்கொள்வீர்கள் என்று கேட்பார். அவர்களும் ஆச்சரியத்தோடு சொல்வார்கள். தன் காலை யாராவது மிதித்தாலும் தானே ‘சாரி’ சொல்ல ஆரம்பித்தார். காஞ்சிபுரத்தில் அதைக் கேட்டவர்கள் இன்னொரு முறை நன்றாக மிதித்துவிட்டுப் போனார்கள். எதிரே சலீம் பாய் டீக்கடையில், இஞ்சி ஏலக்காய் இல்லாமல், கொதிக்காத பாலைத் தனியாகக் கேட்டு வாங்கி டிகாஷனில் ஊற்றிக் குடித்தார். “இது டீ இல்லக்கா, டம்ளர் கழுவன தண்ணி” என்று பாய் வருத்தப்பட்டார். கருட சேவையன்று பிரசாத வரிசையில் முன்னால் நிற்பவருக்கு ஒரு முழம் இடம் விட்டு நிற்பார். அந்த ஒரு முழத்தில் ஊரே வந்து நுழையும். அக்கா நகராமல் அதே இடத்தில் நிற்பார்.

நான் சும்மா இருப்பேனா? நம்மை அத்தனை காலம் ஆண்டவர்கள்தானே, அவர்கள் மேல் என்ன இவ்வளவு மயக்கம் என்று கேட்டேன். “ஆண்டவன் வேற, பஸ் ஸ்டாப்புல நிக்கிறவன் வேறடா” என்றார்.

ஒரு கார்த்திகைக் காலையில் தென்னேரியில் ஒரு கல்யாணத்துக்கு என் வண்டியிலேயே வந்தார். முன்னால் இடது பக்கச் சீட்டு. வாலாஜாபாத் தாண்டி ஏரிக்கரையைத் தொட்டதும் பனி இறங்கியிருந்தது, தண்ணீர் எது வானம் எது என்று தெரியவில்லை. தூறல் வேறு. வைப்பர் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. அக்கா கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, “இப்ப இது இங்கிலாந்துதான்டா. யாரையும் பேச வேணான்னு சொல்லு” என்றார். பின்னால் கோழிக்கூடையோடு ஒரு குடும்பம் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. ஆனாலும், சத்தியமாகச் சொல்கிறேன், கொஞ்ச தூரத்துக்கு எனக்கும் எங்கே ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று தெரியவில்லை. இறங்கும்போது அக்கா படியில் நின்று திரும்பி, வண்டி முழுக்கக் கேட்கும்படி, “தேங்க் யூ, டிரைவர்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் வேலைக்காலம் முழுவதிலும் எனக்கு அந்த வார்த்தை கிடைத்தது அந்த ஒரு முறைதான்.

டோரீன் அம்மாவும் அவர் கணவரும் காலமான பிறகு பார்சல்கள் நின்றுபோயின. அக்கா விடவில்லை. போன் வந்த பிறகு அவருக்கு ஒரு புதையல் கிடைத்தது. இங்கிலாந்தில் யாரோ புண்ணியவான்கள் மாடிப் பேருந்தின் முன் சீட்டில் உட்கார்ந்து, ஊர் ஊராகப் போவதை அப்படியே படம்பிடித்துப் போடுகிறார்கள். பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது. மழையும் வைப்பரும் ஈரச் சாலையும்தான். வேலி போட்ட வயல், ஆடுகள், ஒரு தபால் பெட்டி, குடை பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு கிழவர். மதியம் சாப்பிட்டுவிட்டு அதைப் பார்த்தபடியே அக்கா தூங்கிப்போவார். நான் ஓய்வு பெற்ற பிறகு நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். வளைவில் இவன் இவ்வளவு வேகமாகப் போகக் கூடாது, கிளை கண்ணாடியில் அடிக்கிறது பார் என்று குறை சொல்வேன். “வாய மூடிக்கினு ஏறி உக்காருடா” என்பார்.

என் மகள் நித்யா நர்ஸ் படிப்பு முடித்து வேலைக்குப் போனது அதே வட இங்கிலாந்துக்குத்தான், லீட்ஸ் பக்கம் ஒரு சிறிய ஊருக்கு. டீ ஜாடியின் சட்டையைத் தலையில் போட்ட தோஷம் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். அவள் போன நாளிலிருந்து அக்காவின் கனவுக்கு ஓர் உருவம் வந்துவிட்டது. அவருக்கு அங்கே ஒன்றே ஒன்றுதான் வேண்டும். ஒரு பஸ் ஸ்டாப்பில் தூறலில் நிற்க வேண்டும். வண்டி வந்ததும் ஏற வேண்டும். ஓட்டுநர் தன்னை நிமிர்ந்து பார்த்து ‘லவ்’ என்று சொல்ல வேண்டும். நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிட வேண்டும். அவ்வளவுதான்.

இதற்காகவா விமானம் ஏறுவது என்று என் மனைவி கேட்டாள். அதற்கு அக்கா சொன்ன பதிலை நான் மறக்கவில்லை. “கடையில இவ்ளோ வருஷமா நான் எல்லாரையும் வாம்மா, உக்காருமான்னு கூப்டுக்கினு இருந்தேன். நல்ல வார்த்தைதான். ஆனா புடவை விக்கணும் இல்ல? அவங்க என்னாண்ட சிரிச்சதும் வெலை கொறைக்கத்தான். பஸ் டிரைவருக்கு என்னாண்ட இன்னா வியாபாரம்? ஒண்ணும் இல்லாமலே ஒருத்தரு என்னைய அப்பிடிக் கூப்பிடணும்.” வரன் பார்க்க வந்தவர்கள் யாரும் பதில் சொல்லாமல் போன வீட்டில் உட்கார்ந்து அக்கா இதைச் சொன்னார். என் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அப்படியானால் அங்கே போகும்வரை என்ன செய்வது? இங்கேயே அந்தச் சொல்லைப் புழக்கத்தில் விட்டுவிட வேண்டியதுதான் என்று அக்கா முடிவெடுத்ததன் விளைவைத்தான் நீங்கள் எல்லாரும் அனுபவித்தீர்கள். பூக்கார அம்மா மட்டும் சண்டைக்கு வந்துவிட்டார். அர்த்தம் சொன்னதும், “இன்னொரு தபா கூப்புடு” என்று கேட்டு வாங்கிக்கொண்டார். என்னை மட்டும் அக்கா ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஒரு முறை அதைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். “அது தெரியாதவங்களுக்குடா. உனக்குத்தான் டேய் இருக்குதில்ல” என்றார்.

விசா கிடைத்தது. நித்யா டிக்கெட் எடுத்து அனுப்பினாள். அக்கா மடக்குக் குடை வாங்கினார், ஸ்வெட்டர் வாங்கினார், பெட்டியில் சலீம் பாய் கொடுத்த ஏலக்காய்ப் பொட்டலத்தையும் வைத்தார். வாசலில் நின்று படி ஏறிப் படி இறங்கி, “தேங்க் யூ, டிரைவர்” என்று ஒத்திகை பார்த்ததைத் தெருவே பார்த்தது. அந்த வாரத்தில்தான் வயிற்று வலி என்று படுத்தார். கணையத்தில் புற்றுநோய், பரவிவிட்டது என்று டாக்டர் சொன்னார். பயணம் முடியவே முடியாது என்றும் சொன்னார். அக்கா, “சாரி டாக்டர், உங்களுக்கு வேலை வச்சிட்டேன்” என்றார். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. காமாட்சியம்மன் சந்நிதியில் நின்றுகொண்டு அம்மனை ஏக வசனத்தில் திட்டினேன். அக்காவுக்குக் கோபம் வரவில்லை. யாராவது உடம்பு எப்படி என்று கேட்டால், டோரீன் அம்மா ஊர்க்காரர்கள் சொல்வதைத்தான் சொல்வார். “நாட் டூ பேட்.” அவ்வளவு ஒன்றும் மோசமில்லை என்று பொருள். எவ்வளவு மோசமாக இருந்தாலும் அவர்கள் இப்படித்தான் சொல்வார்களாம்.

யோசனை நித்யாவுடையது. அத்தை வர முடியாவிட்டால் என்ன, வீடியோ காலில் அத்தையைக் கையில் வைத்துக்கொண்டு நான் பேருந்தில் ஏறுகிறேன் என்றாள். அக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். “டிரைவராண்ட எதுவும் சொல்லி வைக்கக் கூடாதுடி. கேட்டு வாங்கனா அது வியாபாரம்.”

அப்போது இங்கே பிற்பகல், அங்கே காலை. முதல் நாள் வந்த ஓட்டுநர் இளைஞர், தலையை மட்டும் அசைத்தார். அட்டையைக் காட்டியதும் இயந்திரம் பீப் என்றது, அவ்வளவுதான். அடுத்த நாள் வந்தவர் “மார்னிங்” என்றார். இன்னொருவர் ரோட்டிலிருந்து பார்வையை எடுக்கவே இல்லை. “நல்ல டிரைவரு. உன்ன மாதிரி திரும்பித் திரும்பிப் பேசிக்கினு ஓட்டல பாரு” என்று அக்கா என்னிடம் சொன்னார். மாடிக்குப் போய் முன் சீட்டில் நித்யா போனைக் கண்ணாடிமுன் பிடிப்பாள். சாலை வரும், ஆடுகள் வரும், அக்கா பார்த்துக்கொண்டே இருப்பார். ஆனால் அந்தச் சொல் வரவில்லை. நாளுக்கு நாள் அக்கா வற்றிக்கொண்டு வந்தார். காலம் மாறிவிட்டது, இப்போதெல்லாம் யாரும் அப்படிப் பேசுவதில்லையோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. அந்த இங்கிலாந்து டோரீன் அம்மாவோடேயே போய்விட்டிருந்தால் அக்கா இத்தனை வருடம் எங்கே போகக் காத்திருந்தார்? ஓட்டுநரிடம் ரகசியமாகச் சொல்லிவை என்று நித்யாவுக்கு நானே போன் செய்தேன். “முடியாதுப்பா, அத்தைக்குத் தெரிஞ்சிடும்” என்றாள்.

பிறகு ஒரு நாள் அங்கே நல்ல மழை. வண்டி வந்து நின்றது. கதவு திறந்தது. ஓட்டுநர் இருக்கையில் நரைத்த முடியோடு ஒரு பெண்மணி. நித்யா நனைந்துகொண்டே ஏறி அட்டையைத் தேட, போன் ஓட்டுநர் பக்கம் திரும்பிவிட்டது. இங்கே எங்கள் கட்டிலில் இருந்த அக்காவை அவர் பார்த்துவிட்டார். யார் இது என்று நித்யாவைக் கேட்டார். என் அத்தை, இந்தியாவில் இருக்கிறார், உடம்பு சரியில்லை, பேருந்தில் போக ஆசைப்பட்டார் என்றாள் நித்யா. வேறொன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண்மணி முன்னால் சாய்ந்து, கண்ணைச் சுருக்கிப் போனுக்குள் பார்த்தார்.

“ஹலோ, லவ். யூ ஆல்ரைட்?”

அக்கா மெல்லத் தலையணையிலிருந்து எழும்பினார். கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டார். மார்பிலே எலும்பு எண்ணக் கிடந்தவர், வலி மருந்து இறங்கிக்கொண்டிருந்த கையோடு, கடையில் பேசுவது போலத் தெளிவாகச் சொன்னார்.

“நாட் டூ பேட், தேங்க் யூ.”

இங்கே ஒரே மழை, மோசமான நாள் என்றார் அந்தப் பெண்மணி. இல்லை, ரொம்ப அழகாக இருக்கிறது என்றார் அக்கா. ஓட்டுநர் சிரித்தார். “ஹோல்ட் ஆன், லவ்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். நம் ஊர்ப் பேருந்தில் நடத்துநர் ‘ஓல்டான்’ என்று கத்தினால் வண்டியை நிறுத்த வேண்டும் என்று பொருள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் என் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. ஆனால் அந்த ஊரில் அதற்குக் கெட்டியாகப் பிடித்துக்கொள் என்று அர்த்தம். வண்டி நிற்கவில்லை, மழைக்குள் போய்க்கொண்டிருந்தது. அக்கா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

நித்யா இறங்குமிடம் வந்ததும் அக்கா காஞ்சிபுரத்திலிருந்து தன்னால் முடிந்த அளவு உரக்க, “தேங்க் யூ, டிரைவர்” என்றார். “டாட்டா, லவ்” என்று பதில் வந்தது. “டாட்டாவாம்டா. நம்ப டாட்டா” என்று அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். நீ சொல்லி வைத்தாயா என்று நித்யாவைத் துருவித் துருவிக் கேட்டார். அவள் சத்தியம் செய்த பிறகுதான் படுத்தார். அன்று வலிக்கிறது என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. கண்ணை மூடியபடி அந்தச் சொல்லை மெதுவாக, தனக்கே, சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுதேன். அவரும் பார்த்தார்.

அதன் பிறகு அக்கா அதிக நாள் இருக்கவில்லை. கடைசிப் பிற்பகலில் வெளியே தூறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நானும் என் மனைவியும் இருந்தோம். தலைமாட்டில் போனில் பேருந்துப் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஸ்டாப்பில் வண்டி நின்றது. அக்கா கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

“இன்னாடா, வண்டி நின்னுக்கினே இருக்குது?”

“ஆளு ஏறுதுக்கா.”

“ஏறியாச்சி. ரைட் சொல்லு.”

நான் ‘ரைட்’ என்றேன். வண்டி கிளம்பியது. கொஞ்ச நேரம் கழித்து, அக்காவின் கை கட்டில் சட்டத்தை விட்டிருப்பதை என் மனைவிதான் முதலில் கவனித்தாள்.

அக்காவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், வீட்டுக்கு வந்து ஊசி போட்ட நர்ஸ் அம்மாவுக்கும், கடை முதலாளி குடும்பத்தாருக்கும், அக்காவைத் தோளில் சுமந்த கிருஷ்ணனுக்கும், மாகறல், கூரம், தென்னேரி உறவினர்களுக்கும், எங்கள் தெருவாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. சலீம் பாய் இன்று இரண்டு விதமாக டீ போட்டு வைத்திருக்கிறார். பச்சைக் கம்பளிச் சட்டை போட்ட ஜாடியில் இருப்பது அக்காவுடையது. ஒரு வாய் குடித்துப் பாருங்கள். பிடிக்காவிட்டால் ‘நாட் டூ பேட்’ என்று சொல்லிவிடுங்கள், பாய் புரிந்துகொள்வார்.

பெயர் தெரியாத அந்த ஓட்டுநர் அம்மாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அன்று தன் வண்டியில் யார் ஏறினார் என்பது அவருக்குத் தெரியாது. எத்தனையோ பேருக்குச் சொன்னதைத்தான் எங்கள் அக்காவுக்கும் சொன்னார். அதுதான் அக்கா கேட்டதும். வாழ்நாளெல்லாம் வண்டி ஓட்டிய நான் அதை இன்னொரு ஓட்டுநரிடம் கற்றுக்கொண்டேன்.

என்னை இனி ‘டேய்’ என்று கூப்பிட ஆளில்லை. மற்றதை நீங்கள் எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள். அக்கா இருந்திருந்தால் வாசலில் நின்று உங்கள் ஒவ்வொருவரையும் எப்படி வழியனுப்பியிருப்பார் என்று உங்களுக்குத் தெரியும். இந்த வயதில், இந்த மீசையோடு, அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அவர் சார்பில் யாராவது சொல்லியாக வேண்டும்.

தேங்க் யூ, லவ்.